ஆன்ட்டியின் அக்கவுண்ட்

ஆன்ட்டி யாரையும் எதுவும் கேட்கமாட்டார். லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டுக்கு மேலே முதல் மாடியில் நான் குடியிருந்த காலம் முழுக்க, 'ஏன்', 'எதுக்கு', 'எங்கே போறே' என்று அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். "தலைவலி போல." "பால் திரிஞ்சுபோச்சு போல." "வீட்டுக்காரர் கோவமா கிளம்பிட்டார் போல." சொன்ன பிறகு நம் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். ஆய்ந்துகொண்டிருக்கும் கீரையைப் பார்ப்பார். பதில் சொல்வதும் சொல்லாமல் போவதும் நம் இஷ்டம். சொல்லாமல் போனவர்கள் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். இப்போது அவர் கோலார் பக்கம் தங்கை வீட்டோடு போய்விட்டார். நான் அடுகோடியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். என் கைபேசி 'உங்களுக்காக' என்று எதையாவது நீட்டும்போதெல்லாம், என்னைப் பற்றி இதற்கு எவ்வளவுதான் தெரியும் என்று யோசிப்பேன். ஆன்ட்டிக்குத் தெரிந்ததில் கால்வாசி இருக்காது என்று தோன்றும்.

குள்ளமான உருவம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், தினமும் காலையில் அதைப் பிரிப்பதே அவருக்கு முதல் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உருவத்துக்குச் சம்பந்தமில்லாத கணீரென்ற குரல்.

எங்கள் சந்துக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. எந்த மேப்பிலும் அது ஒழுங்காக அகப்படாது. பார்சல் கொண்டுவரும் பையன்கள் மேம்பாலத்தடியில் நின்றுகொண்டு போன் போடுவார்கள். நாம் வழி சொல்லச் சொல்ல, சர்ச்சைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேம்பாலத்தடிக்கே போய்ச் சேருவார்கள். ஆன்ட்டியின் வாசல் மட்டும் என்ன அதிசயமோ, மேப்பில் சரியாக விழுந்திருந்தது. போதாததற்கு அவர் எப்போதும் வீட்டில் இருப்பவர். ஆகவே ஆன்லைனில் சாமான் வாங்குகிற ஆப்பில் மூன்று மாடிக்கும் ஒரே அக்கவுண்ட், ஆன்ட்டியின் அக்கவுண்ட். அவரவர் கைபேசியிலிருந்து அதற்குள் போய் ஆர்டர் போடுவோம். சாமான் ஆன்ட்டி வீட்டுக்கு வரும். ஓடிபியும் ஆன்ட்டியின் போனுக்குத்தான் வரும்.

அந்த ஓடிபியை அவர் சொல்லுகிற அழகே தனி. ஒவ்வொரு எண்ணாக, நடுவில் மூச்சுவிட்டு, டிரங்க் கால் நம்பர் சொல்வதுபோலச் சொல்வார். சைபரை ஜீரோ என்று சொல்லவேமாட்டார். "ஃபைவ்... த்ரீ... நாட்... செவன்." புதிதாக வருகிற பையன் முழிப்பான். "நாட் அந்த்ரே ஏனு ஆன்ட்டி?" என்பான், நாட் என்றால் என்ன என்று. "நாட் அந்த்ரே நாட்" என்று இவர் மறுபடி கணீரென்று சொல்வார். மாடியிலிருந்து யாராவது "ஜீரோப்பா, ஜீரோ" என்று கத்தவேண்டியிருக்கும்.

வந்த பார்சல்களை வைக்க ஒரு நீள பெஞ்சு இருந்தது. சர்ச்சில் புது பெஞ்சு போட்டபோது பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாராம். இந்த ஓரம் முதல் மாடி, நடுவில் இரண்டாம் மாடி, அந்த ஓரம் மூன்றாம் மாடி. எங்கள் பங்குதான் எப்போதும் பிதுங்கி நடு பெஞ்சு வரை போயிருக்கும். அதற்குக் காரணம் என் கணவர், அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒரே அக்கவுண்டில் மூன்று குடும்பம் புழங்கினால் அந்த ஆப் பாவம் என்ன செய்யும்? இந்த ஆன்ட்டிக்குத் தலையில் வழுக்கையும் இருக்கிறது, பல் முளைக்கிற குழந்தையும் இருக்கிறது, கிரிக்கெட்டும் ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கலந்துகட்டிக் காட்டும். ஆன்ட்டி அதை விடாமல் பார்ப்பார். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு என் மாமியார் கீழே இறங்கிப்போய் அவர் பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த 'உங்களுக்காக' பகுதியை சீரியல் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அத்தை படித்தது கன்னடப் பள்ளி. இங்கிலீஷ் பஸ் பலகை படிக்கிற அளவுக்கு வரும், மற்றதெல்லாம் படம் பார்த்துத்தான்.

"யக்கா, இன்னா இது, காதுல மாட்டுற மாதிரி கீது?"

"காது மெஷின்" என்பார் ஆன்ட்டி. அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

மறுநாளிலிருந்து பார்த்தால், இரண்டாம் மாடி அங்கிளிடம் பேசும்போது மட்டும் ஆன்ட்டியின் குரல் ஒரு படி ஏறியிருக்கும். அவர் இடது பக்கமாக நின்று பேசினால் இவர் மெல்லச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துவிடுவார். அங்கிளுக்கே அது தெரியாது. "இந்த வீட்டுல கீழ் வீட்டம்மா ஒருத்தர்தான் தெளிவா பேசுறாங்க" என்று அவர் என்னிடம் ஒருநாள் சொன்னார். இன்னொரு தடவை எலிப்பசை காட்டியது. மூன்றாம் மாடிக்காரர்கள் தேடியிருக்கவேண்டும். எலி வந்திருக்கிறது என்று அவர்களும் சொல்லவில்லை, ஆன்ட்டியும் கேட்கவில்லை. தன் பின்கதவு இடுக்கில் ஒரு பழைய புடவையைச் சுருட்டி அடைத்துவிட்டு, எங்கள் கதவுக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு இதெல்லாம் தாங்கமுடியாத ஆச்சரியம். ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஆன்ட்டி, எக்ஸ்சேஞ்சுல இருந்தப்போ ஊர்ல எல்லாரும் பேசினதைக் கேட்டிருப்பீங்க இல்ல? ஒண்ணாவது சொல்லுங்களேன்."

"லைன் குடுத்தா காதை எடுத்துடணும் கண்ணு" என்றார். "அதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். எடுத்தும் விழுந்துச்சுன்னா அது காதோட தப்பு."

"என்ன விழுந்தது?"

கீரைக்கட்டைத் தூக்கி என் மடியில் போட்டு, "பூச்சி இருக்கு, பாத்து ஆய்" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் பெயராது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் கணவர் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கைநீட்டுவது இல்லை. அவருக்கு இருந்த ஒரே வியாதி, அந்த ஆப் எதைக் காட்டுகிறதோ அது தனக்குத் தேவை என்று நம்புவது. முதுகு வலிக்கிறது என்று திங்கட்கிழமை சொல்வார். செவ்வாய்க்கிழமை அது முதுகுக்கு ஏதாவது காட்டும். "பாத்தியா? நீ கேக்கல, அது கேட்டுச்சு" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். இரண்டு ரூம் வீட்டில் ஜூஸ் பிழிய மூன்று மெஷின். மாவு பிசைய ஒன்று, அதைத் துடைக்க ஒரு பிரஷ் செட், அந்த செட்டை மாட்ட ஒரு ஸ்டாண்டு. அத்தையோ, வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக்கூட வெளியே விடமாட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் பெட்டி கேட்பானாம். பரண் நிறைந்து, கட்டிலடி நிறைந்து, ஜன்னல் வரை அடுக்கியாகிவிட்டது. பகலில் லைட் போட்டால்தான் வெளிச்சம்.

எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு மேஜை. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு வேலை எனக்கு, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பேன். ஒருநாள் ஆபீஸ் போய்விட்டுத் திரும்பினால் மேஜையைக் காணோம். அந்த இடத்தில் கருப்பாக, யானைக்குட்டி படுத்திருப்பதுபோல ஒரு மசாஜ் நாற்காலி. மேஜையைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டது. "உனக்கும்தான், நீயும் உக்காந்துக்கலாம்" என்றார் என் கணவர். அன்றிலிருந்து சமையல் மேடைமேல் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே வேலை பார்த்தேன். பக்கத்தில் குக்கர் விசில் அடிக்கும். மீட்டிங்கில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுவேன்.

ஒரு நாற்காலிக்காகவா ஒருத்தி வீட்டைவிட்டுப் போவாள் என்று கேட்பீர்கள். முன்பு ஒருமுறை நான் போகிறேன் என்று சொன்னபோதும் இப்படித்தான் கேட்டார்கள். பிரேசர் டவுனிலிருந்து அவருடைய பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் எல்லாரும் வந்து ஹாலில் பெட்டிகளுக்கு நடுவில் இடம் தேடி உட்கார்ந்து, பாயசம் வைக்கச்சொல்லி, சாயங்காலத்துக்குள் என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் பேசினால் நான் கரைந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஆகையால் இந்தத் தடவை ஒருவரிடமும் சொல்லாமல் போய்விடுவது, ஒரு வீடு பிடித்து, ஒரு பாய் விரித்து, அங்கிருந்து போன் செய்து சொல்வது என்று முடிவு செய்தேன். முன்கூட்டித் தெரிந்தால் தீர்ந்தது கதை. மறுபடி பாயசம்தான்.

கிறிஸ்துமஸ் வரப்போகிறது என்றால் ஆன்ட்டி வீட்டில் ஒழிப்பு வேலை தொடங்கும். அவருக்கு ஒரே சட்டம். போன கிறிஸ்துமஸிலிருந்து கை படாத சாமான் எதுவானாலும் வீட்டைவிட்டுப் போகவேண்டும். சும்மா தொட்டுத் தூசி தட்டினது கணக்கில் வராது. அந்த வருஷம் அத்தைக்கு என்ன தோன்றியதோ, "யக்கா, எங்கூட்டுக்கும் ஒருதரம் வந்து பாரு, பரண் என் தலைமேலயே விழுந்துடும் போல கீது" என்று அவரை மேலே கூட்டிவந்தார்.

ஆன்ட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அத்தை ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக் கொடுக்க, கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல அசைத்துப் பார்த்தார்.

"இது காலி போல."

"அது மிக்ஸி டப்பாக்கா. சும்னே இருக்கட்டும். ரிப்பேர்னா கேப்பான்."

"மிக்ஸி எரிஞ்சுபோய் போன மழைக்கே வெளிய போட்டாச்சு."

"புது மிக்ஸிக்கு ஆவும்."

"புது மிக்ஸிக்குப் புது டப்பா வந்திருக்கு. அதோ, அது."

அத்தை அந்த இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழையதை எடுத்துப் புதியதற்குள் வைத்து, "இப்ப எடம் மிச்சம்" என்றார். ஆன்ட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுதும் உழைத்து எங்கள் வீட்டிலிருந்து வெளியே போனது ஒரு உடைந்த குடை மட்டும்தான்.

போகும்போது ஆன்ட்டி ஹாலில் நின்றார். மசாஜ் நாற்காலிக்கு வெளியே தரையில் நாலு சின்ன வட்டம், மேஜைக்கால் இருந்த தடம், ரெட் ஆக்சைடில் பளிச்சென்று தெரிந்தது. பார்த்தார். அப்புறம் சமையல் மேடைமேல் திறந்துகிடந்த என் லேப்டாப்பைப் பார்த்தார்.

"இங்க ஒரு மேஜை இருந்தது போல" என்றார்.

அத்தை பரணைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆன்ட்டி உடைந்த குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆபீஸ் தோழி ஒருத்தி மூலமாக அடுகோடியில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு வொர்க்‌ஷாப்புக்கு மேலே ஒற்றை அறை. பகலெல்லாம் இரும்பு தட்டுகிற சத்தம். ஆனால் ஜன்னல் இருந்தது, ஜன்னலை எதுவும் மறைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய், என் கைபேசியில் அதே ஆப்பில் ஒரு ஆளுக்கு வேண்டிய சாமான்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வாங்கவில்லை, சும்மா பார்ப்பதுதான். பொம்மைபோல ஒரு குட்டி குக்கர். மடக்குக் கட்டில். ஒற்றை மெத்தை. அந்த ஏரியாவுக்குக் கொண்டுவந்து தருவானா என்று தெரிந்துகொள்ள, அடுகோடி விலாசத்தையும் சேர்த்துவைத்தேன்.

என் கைபேசியில் நான் பார்ப்பது என் கைபேசிக்குள் இருக்கும் என்பதுதான் என் எண்ணம். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாம் மாடி அங்கிளுக்குத் தெரிந்திருந்தால் காது மெஷின் தேடியிருப்பாரா? காட்டுவது ஆப்பின் மாயம், ஆன்ட்டி அதைப் பார்த்து ஊகிப்பது அவருடைய சாமர்த்தியம், இப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் அத்தை கீழேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்தக்காவுக்கு இன்னா ஆச்சோ தெரியல. ஊட்ல அம்மாம்பெரிய குக்கர் கீது. இன்னிக்கு போன்ல குட்டி குக்கரா வந்துனே இருந்துச்சு. யாருக்குக்கா இதுன்னு கேட்டேன். எனக்குத்தான், தனியாளுக்கு எதுக்கு பெருசுன்னு சொல்லி, என் முன்னாலயே ஆர்டர் போட்டுடுச்சு."

அதே குக்கரா? மறுவாரம் பெஞ்சின் ஓரத்தில் பார்த்தேன். அதேதான், நான் பார்த்த அதே சிவப்புப் பிடி. எனக்குக் காட்டியதை அவருக்கும் காட்டியிருக்கிறது, அவரும் தனியாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கடுத்து மடக்குக் கட்டில் வந்தது. "ஊர்லேர்ந்து தங்கச்சி வந்தா படுக்க" என்று அத்தையிடம் சொன்னாராம். அப்புறம் ஒற்றை மெத்தை. நான் மதியம் மாடியில் பார்க்கிற கனவெல்லாம் ஒவ்வொன்றாக ஆன்ட்டி வீட்டில் பார்சலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆப் என் மண்டைக்குள் புகுந்து அங்கே எடுத்ததை ஆன்ட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறதோ என்றுகூட நினைத்தேன். பயமாக இருந்தது. பயத்தைவிட, அடுத்து என்ன வரும் என்று பார்க்கிற ஆசை அதிகமாக இருந்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்று, கிழவிகளுக்கு ஒருகாலும் தேவைப்படாத ஒன்றைத் தேடினேன். லேப்டாப் வைத்து எழுதுகிற ஒரு சின்ன மேஜை. வெளிர் மரநிறம், கீழே ஒரு டிராயர். திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். சோதனைக்கு என்று ஆரம்பித்தது, பார்க்கப் பார்க்க ஆசையாகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் பெஞ்சுமேல் படுக்கவைக்க முடியாமல் சுவரில் சாய்த்துவைத்த தட்டையான பார்சல் ஒன்று இருந்தது. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தில் அந்த மேஜை. ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள ரூம் அடைஞ்சு கிடக்கு" என்றார் கீரையைப் பார்த்துக்கொண்டே. "ஒழிக்கணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்துடுவேன்."

வா என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அவர் வீட்டுப் பின்னறைக்குள் நான் அதுவரை போனதில்லை. ஒழிப்பில் அவ்வளவு கறாரான மனுஷி, அறை முழுக்க சாமானாக வைத்திருந்தார். கட்டில், மெத்தை, குக்கர் எதுவும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படவில்லை. பக்கத்தில் அவருடைய பரணிலிருந்து இறக்கிக் கழுவித் துடைத்த சாமான்கள். இரண்டு எவர்சில்வர் தட்டு, இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு வாளி, மடித்துவைத்த ஜன்னல் திரை, பால் காய்ச்சுகிற பாத்திரம். ஒரு ஆள் குடித்தனத்துக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கினதும் கட்டில் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாமே உங்களுக்குத் தெரியுது இல்ல ஆன்ட்டி" என்றேன்.

"மூணு வீட்டுக்கும் ஒரு அக்கவுண்ட் கண்ணு. எங்க பாத்தாலும் இங்க வந்து நிக்குது." தன் கைபேசியை என் பக்கம் திருப்பினார். மேலே விலாசம் இருக்கிற இடத்தில் அடுகோடி என்று இருந்தது. "இது வேற அடிக்கடி மாறிடும். தினமும் உங்க மாமியார் வர்றதுக்கு முன்னால இதைத் திருப்பி நம்ம விலாசம் ஆக்கி வெப்பேன். உங்க வீட்டுக்காரர் மெஷின் படத்தைத் தவிர எதையும் பாக்கறதில்ல போல. அன்னைக்கு ஒருநாள் குக்கரை மட்டும் மறைக்க முடியல. எனக்குத்தான்னு சொன்னேன். சொன்னா வாங்கித்தான் ஆகணும். வாங்கின பிறகு, குக்கர் மட்டும் இருந்தா அந்த வீட்டுல எங்க படுக்கறதுன்னு ஆயிடுச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழாதே என்றும் சொல்லவில்லை, ஏன் போகிறாய் என்றும் கேட்கவில்லை. அழுது முடிக்கிறவரை டம்ளர்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குத் தெரிஞ்சா மறுபடி எல்லாரும் கூடிடுவாங்க ஆன்ட்டி."

"சர்ச்சுக்குக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். கிறிஸ்துமஸ் நேரம், வருஷா வருஷம் குடுக்கறதுதான். யாருக்கும் ஒண்ணும் தோணாது." பிறகு, "நாளைக்கு வண்டி சொல்லியாச்சு. சாவி உன்கிட்ட வந்திருக்கும் போல" என்றார்.

சாவி என் கைப்பையில்தான் இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் ஆபீஸ் போன பிறகு லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. நானும் ஆன்ட்டியுமாகச் சின்னச் சாமான்களை ஏற்றினோம். மேஜையைச் சாய்த்து வைத்தாயிற்று. கட்டில்தான் கனம். டிரைவர் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் நானும் ஆன்ட்டியும் பிடித்தும் தூக்க முடியவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க. ரெண்டு பேரும் நோஞ்சானாட்டம் கீறீங்க" என்று குரல் கேட்டது. அத்தை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தார். ஆன்ட்டி சாதாரணமாக, "சர்ச்சுக்குப் போகுதும்மா" என்றார். அத்தை குனிந்து கட்டிலின் முனையைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி வண்டிக்குள் தள்ளினார். அப்புறம் மாடிக்குப் போனார். பெட்டி பெட்டியாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள், மசாஜ் நாற்காலியைச் சுற்றி வந்தது. அத்தை தன் கையால் எதையாவது வீட்டைவிட்டு வெளியே கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெத்தைமேல் அதை விரித்து, நாலு மூலையும் இழுத்து, கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

கட்டி முடித்துவிட்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அடுகோடில தண்ணி கஷ்டம். போனதும் மொதல்ல ஒரு பெரிய டிரம் வாங்கி வெச்சிக்கோ. மூடி போட்ட டிரம்."

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் சொல்லியிருக்க முடியாது, அவருக்கு அது வராது. எந்த நாளோ ஒரு சாயங்காலம் விலாசத்தை மாற்ற அவருக்கு நேரம் போதாமல் போயிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பேசாமல் அடுத்த படத்தைப் பார்த்திருக்கலாம். எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்தும் ஏன் பெரியப்பாவுக்கு ஒரு போன் போடவில்லை, எதுவும் எனக்குத் தெரியாது. "அத்தை" என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

ஆன்ட்டி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் பக்கம் போய் நின்று, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "மெதுவா ஓட்டுப்பா, கண்ணாடிச் சாமான் இருக்கு" என்றார்.

அந்த வண்டியில் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூட இல்லை.